முத்துக் குளிப்பவன் நாம். கயிறு யார் கையிலே?

தோழர்களே!

புதுக்கோட்டை என்ற பெயரிலே தமிழ்நாட்டில் ஊர்கள் பல உண்டு. அவற்றுள் இரண்டைப் பற்றி இன்று பேச வேண்டியிருக்கிறது.

ஒன்று, தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை. இன்று அது மாவட்டத் தலைநகர். அந்த மாவட்டத்தின் கடலோரத்திலே கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் இருக்கின்றன. விசைப்படகுகள் வரிசை கட்டி நிற்கும் துறைகள் அவை. அங்கிருந்து புறப்படுகிறவன் வலை விரிப்பது பாக் விரிகுடாவிலே.

மற்றொன்று, தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையிலே உள்ள நம் புதுக்கோட்டை. பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் துறைமுகம். கப்பலில் சரக்கு ஏற்றும் தொழிலாளி, உப்பளத்திலே கால் வெடித்து நிற்கும் தொழிலாளி, தோணி ஓட்டும் தொழிலாளி, வலை இழுக்கும் தொழிலாளி என்று உழைப்பவர் கூட்டம் ஒன்று உப்புக் காற்றிலே வாழும் பகுதி இது. இங்குள்ள கடல் மன்னார் வளைகுடா.

பெயர் ஒன்று, கடல் இரண்டு. ஆனால் கவலை ஒன்றுதான்! அந்தக் கடலுக்கும் இந்தக் கடலுக்கும் எதிர்க்கரை இலங்கை. இரு கடலிலும் கோடு கிழித்தாகிவிட்டது. இரு கடலிலும் தொழிலுக்குப் போனவன் திரும்பி வருவானா என்று கரையிலே குடும்பம் காத்துக் கிடக்கிறது. 2024 ஆகஸ்டு மாதம் நமது தருவைக்குளத்து மீனவர்கள் 22 பேரை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றது. புத்தளம் நீதிமன்றத்திலே நிறுத்தினார்கள். விதித்த அபராதம் இலங்கை ரூபாயிலே கோடிக் கணக்கு! அன்றாடம் வலை இழுத்து அன்றாடம் உலை வைப்பவன், கோடிக்கு எங்கே போவான்? அந்த 2024 ஓராண்டில் மட்டும் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட இந்திய மீனவர்கள் 500-க்கும் அதிகம்.

இந்த நேரத்திலேதான் நம் காதிலே ஒரு சொல் ஓயாமல் விழுகிறது. ‘அண்டை நாட்டு ஒத்துழைப்பு’ என்பது அந்தச் சொல். இனிமையான சொல்! வேண்டாம் என்று யார் சொல்வார்? நாமும் வேண்டும் என்றே சொல்கிறோம். ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சொல்கிறோம். ஒத்துழைப்பது யார்? யாருக்காக?

கயிறும் கையும்

முத்துக் குளிப்பைப் பற்றி நம் கடற்கரையிலே ஒரு பேச்சு உண்டு. மூச்சை அடக்கிக் கடலடியிலே இறங்குகிறவன், மேலே இழுக்கும் கயிற்றைக் கண்டவரிடம் கொடுக்கமாட்டானாம். மைத்துனன் கையிலே கொடுப்பானாம். ஏன்? கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். இழுக்கத் தாமதித்தால் தன் உடன்பிறந்தவள் தாலி போகும் என்று துடிக்கிற கை அது. அந்தக் கையிலே கயிறு இருந்தால்தான் கீழே இருப்பவன் நம்பிச் சிப்பி பொறுக்க முடியும்.

இந்த ஒரு பேச்சிலே அரசியலே அடங்கியிருக்கிறது, தோழர்களே! கயிற்றைப் பிடிப்பவனுக்கும் கடலுக்குள் இருப்பவனுக்கும் உறவு இருக்க வேண்டும். அவன் மூச்சு முட்டினால் இவன் நெஞ்சு அடைக்க வேண்டும். நம் கடலின் கயிறு இன்று யார் கையிலே இருக்கிறது? கடற்கரை காணாத கையிலே! ஆயிரம் கல்லுக்கு அப்பால், டில்லியிலே!

கூடினார்கள், கலைந்தார்கள்

1985 டிசம்பர் 8-ஆம் நாள் டாக்காவிலே தெற்காசிய நாடுகள் ஏழு கூடின. ‘சார்க்’ என்று ஓர் அமைப்புக் கண்டன. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு ஆகியவை அந்த ஏழு. பின்னர் ஆப்கானிஸ்தானும் சேர்ந்தது. காத்மாண்டுவிலே தலைமைச் செயலகம் எழுந்தது. 2006-லே தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2014 நவம்பரிலே காத்மாண்டுவில் 18-வது உச்சி மாநாடு நடந்தது. 2016-லே இஸ்லாமாபாத்தில் நடக்க இருந்த 19-வது மாநாடு நடக்கவில்லை. டில்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் பகை. எட்டு நாடுகளின் மேடையும் அதனாலே இருண்டது. இமயத்து எல்லையிலே இருவர் முறைத்துக்கொண்டால், குமரிக் கடலிலே இருப்பவனும் அண்டை வீட்டோடு பேச மேடையற்றுப் போகிறான்!

சரி, மற்றொரு மேடைக்குப் போவோம் என்றார்கள். 1997 ஜூன் 6-ஆம் நாள் பாங்காக்கிலே உருவானது அது. வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளின் கூட்டு. ‘பிம்ஸ்டெக்’ என்று பெயர். வங்காளதேசம், இந்தியா, இலங்கை, தாய்லாந்து நான்கும் தொடங்கின. பர்மா அதே ஆண்டு வந்தது. நேபாளமும் பூட்டானும் 2004-லே வந்தன. ஒரு செய்தியைக் கவனியுங்கள். தொடக்கத்திலே அவர்கள் எடுத்துக்கொண்ட துறைகள் ஆறு. வாணிபம், தொழில்நுட்பம், எரிசக்தி, போக்குவரத்து, சுற்றுலா, ஆறாவதாக மீன்வளம்!

மீன்வளம் முதல் நாளே பட்டியலிலே ஏறியது. இந்தியாவும் இருந்தது, இலங்கையும் இருந்தது. 2022 மார்ச்சிலே கொழும்பு மாநாட்டில் சாசனம் கையெழுத்தானது. 2024 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் பாங்காக்கிலே கடல்வழிப் போக்குவரத்துக்கு ஒப்பந்தமும் கையெழுத்தானது. சாசனம் வந்தது, சந்தோஷம்! ஒப்பந்தம் வந்தது, மகிழ்ச்சி! ஆனால் பாக் விரிகுடாவின் வலைக்குத் தீர்வு வந்ததா? மன்னார் வளைகுடாவின் வள்ளத்துக்கு வழி பிறந்ததா? பட்டியலிலே மீன் இருந்தது. பந்தியிலே மீனவன் இல்லை!

ஒத்துழைப்பைக் கற்றுக்கொடுத்த கடல்

அண்டை நாட்டு உறவை நமக்கு டாக்காவும் பாங்காக்கும் வந்துதான் கற்றுக்கொடுக்க வேண்டுமா? இந்தக் கடலின் வரலாற்றைப் புரட்டுங்கள்!

தாமிரபரணி கடலோடு கலந்த இடத்திலே கொற்கை இருந்தது. பாண்டியரின் முத்துத் துறை. ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் பெயர் தெரியாத கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பிலே கொற்கை முத்து பேசப்படுகிறது. தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்தார்கள் என்றும் அதிலே இருக்கிறது. முத்து மன்னன் முடியிலே, மூழ்கியவன் விலங்கிலே! பாண்டியர் போயினர், போர்த்துக்கீசியர் வந்தனர், 1658-லே டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தனர், பின்னர் வெள்ளைக்காரன் வந்தான். கொடி மாறிற்று. குளிப்பவன் மாறவில்லை.

முத்துச் சிப்பி வளரும் கடலடிப் பாறைத் திட்டைப் ‘பார்’ என்கிறோம். தூத்துக்குடிக்கு எதிரே பார்கள் உண்டு. எதிர்க்கரையில் மன்னார் பக்கத்திலும் உண்டு. இங்கே குளிப்பு இல்லாத ஆண்டிலே நம்மவர் அங்கே போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மன்னார்ப் பகுதியில் பெரும் முத்துக் குளிப்புகள் நடந்தபோது, தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை, காயல்பட்டினம் முஸ்லிம்களும் இலங்கைத் தமிழரும் அரபு நாட்டாரும் ஒரே கடலிலே மூழ்கினர். எடுத்த சிப்பியிலே மூன்றில் ஒரு பங்கு குளிப்பாளிக்கு, மற்றது சர்க்காருக்கு என்பது அன்றைய கணக்கு. கணக்கு நியாயமா என்பது வேறு. ஆனால் கரை கடந்து உழைக்க எந்தக் கோடும் அவர்களைத் தடுக்கவில்லை.

சிப்பிக்குஞ்சு சில வாரங்கள் நீரோட்டத்திலே மிதந்து, பிறகுதான் பாரிலே ஒட்டும். எந்தக் கரையிலே பிறந்தது, எந்தக் கரையிலே வளர்ந்தது என்று அதற்கு எவன் பாஸ்போர்ட் கொடுப்பான்? தூத்துக்குடியிலே 1955 முதல் 1961 வரை ஆண்டு தோறும் முத்துக் குளிப்பு நடந்தது. அதுவே கடைசி. பிறகு பார் வெறிச்சோடிவிட்டது. ஏன் வெறிச்சோடியது, மீண்டும் விளையுமா என்பதை ஒரு கரை மட்டும் ஆராய்ந்து முடிவு காண முடியாது. ஒரே கடலை இரண்டு அரசுகள் பாதிப் பாதியாகப் பார்த்தால், முழு உண்மை யாருக்குத் தெரியும்?

கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1906-லே வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். எந்த வழியிலே கப்பல் விட்டார்? தூத்துக்குடி–கொழும்பு வழியிலே! வெள்ளையன் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கடைசியில் இலவசமாக ஏற்றிக் கையிலே குடையும் கொடுத்தது என்று ஊர் சொல்லும். 1908-லே கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்த அந்தத் தலைவரைச் சிறையிலே தள்ளினார்கள். கப்பல் கம்பெனியும் நொடித்தது. எதற்காக அவ்வளவு ஆத்திரம்? கொழும்புக்குப் போகிற வழி தமிழன் கையிலே இருந்தால், வாணிபமும் அவன் கையிலே வந்துவிடும் என்ற அச்சம்தான்!

இன்று வெள்ளையன் இல்லை. வழி இருக்கிறதா? 2011 ஜூனிலே தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பலை ஆரவாரத்தோடு விட்டார்கள். அந்த ஆண்டு முடியுமுன் நின்றது. 2023 அக்டோபரிலே நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். சில நாளிலே நின்றது. 2024 ஆகஸ்டிலே மீண்டும் தொடங்கினார்கள். நம் பழைய துறைமுகத்திலே தோணிக்காரர்கள் மட்டும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வந்தபடி இருக்கிறார்கள். மாநாடு போட்டு வளர்ந்த உறவு அல்ல அது. மரக்கலம் வளர்த்த உறவு!

மூன்று ஆண்டுகள், மூன்று பாடங்கள்

கயிறு கைமாறிய கதையைக் கேளுங்கள்.

1921 அக்டோபர். கொழும்பிலே ஒரு பேச்சுவார்த்தை. மன்னார் வளைகுடாவிலும் பாக் கடலிலும் மீன்பிடிப்புக்கு எல்லை வகுப்பது பற்றி. மேசையின் ஒரு பக்கம் இலங்கை அரசின் பிரதிநிதிகள். மறுபக்கம் யார்? சென்னை மாகாண அரசின் பிரதிநிதிகள்! வெள்ளையன் ஆட்சிதான், நம்மைக் கேட்டு நடந்த ஆட்சி அல்ல. என்றாலும் இந்தக் கடலைப் பற்றிப் பேசக் கரையைக் கண்டவன் போக வேண்டும் என்ற அளவுக்காவது அறிவு இருந்தது. அன்று எழுதிய கோட்டை லண்டன் உறுதி செய்யவில்லை, காகிதத்தோடு நின்றது.

1974 ஜூன். கச்சத்தீவு ஒப்பந்தம். 26-ஆம் நாள் கொழும்பிலும் 28-ஆம் நாள் டில்லியிலும் கையெழுத்து. 285 ஏக்கர் தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. ஐந்தாவது பிரிவிலே, நம் மீனவரும் யாத்திரிகரும் முன்போல் தீவுக்குச் செல்லலாம், பயண ஆவணமும் விசாவும் கேட்கப்படாது என்று எழுதினார்கள். ஆறாவது பிரிவிலே, இருநாட்டுக் கலங்களும் மரபாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்று எழுதினார்கள். தமிழ்நாடு சட்டமன்றம் ஆகஸ்டிலே கூடித் தன் எதிர்ப்பைத் தீர்மானமாக்கியது. கையெழுத்து ஜூனிலே, தீர்மானம் ஆகஸ்டிலே! மாநிலத்துக்கு மேசையிலே நாற்காலி இல்லாதபோது, மன்றத்திலே தீர்மானம்தானே போட முடியும்?

1976. ஜனவரி 31-ஆம் நாள் தமிழ்நாட்டிலே தி.மு.கழக அமைச்சரவை கலைக்கப்பட்டது. நாடெங்கும் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டுக்குச் சட்டமன்றமும் இல்லை, அமைச்சரவையும் இல்லை. 52 நாள் கழித்து, மார்ச் 23-ஆம் நாள், மன்னார் வளைகுடாவின் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதோடு இரு நாட்டுச் செயலாளர்களும் கடிதம் மாற்றிக்கொண்டனர். இந்த நாட்டு மீனவன் அந்த நாட்டுக் கடலிலே மீன் பிடிக்கலாகாது, அந்த நாட்டு மீனவன் இந்த நாட்டுக் கடலிலே பிடிக்கலாகாது என்பது கடிதத்தின் கருத்து. குமரிக்குத் தெற்கே வாட்ஜ் கரை என்னும் மீன்வளத் திட்டு இந்தியாவுக்கு என்று ஆயிற்று. நம் கடலுக்கு வேலி போட்ட நாளிலே, நம் வீட்டிலே நம்மைக் கேட்க ஆளில்லை!

டில்லி என்ன சொல்கிறது? கச்சத்தீவு யாருடையது என்பதே வழக்கு, ஆகவே நாட்டின் நிலத்தைக் கொடுத்ததாகாது என்கிறது. வாதம் இருக்கட்டும். அதே 1974-லே வங்காளதேசத்தோடும் ஒரு நில எல்லை ஒப்பந்தம் எழுதினார்கள். அது 2015-லே, அரசியல் சட்டத்தின் 100-வது திருத்தம் நிறைவேறிய பிறகே நடைமுறைக்கு வந்தது. அங்கே 111 திட்டுகள் அந்தப் பக்கம் போயின; 51 திட்டுகள் இந்தப் பக்கம் வந்தன. எந்த நாட்டுக் குடிமகனாக இருக்க விரும்புகிறாய் என்று அங்கு வாழ்ந்தவனைக் கேட்டார்கள். 1996-லே கங்கை நீர் ஒப்பந்தம் உருவாகையில் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசுவுக்குப் பங்கு இருந்தது. 2011-லே டீஸ்டா ஒப்பந்தத்துக்கு அந்த மாநிலம் இசையவில்லை; பிரதமர் டாக்கா சென்றும் கையெழுத்து ஆகவில்லை. ஆற்றோரத்து மாநிலத்துக்கு ஒரு நீதி, கடலோரத்து மாநிலத்துக்கு ஒரு நீதியா?

வெளிநாட்டு விவகாரம் மத்திய சர்க்காரின் அதிகாரம் என்பார்கள். தெரியும்! அரசியல் சட்டத்திலே மீன்வளம் மாநிலப் பட்டியலிலே இருக்கிறது. 12 கடல் மைலுக்கு அப்பால் உள்ள மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலிலே இருக்கிறது. சட்டத்திலே கோடு உண்டு. ஆனால் தொழிலாளியின் வயிற்றிலே அந்தக் கோடு இல்லையே! அதிகாரம் உங்களிடம் இருக்கட்டும். ஆலோசனை எங்களிடம் கேட்கக்கூடாதா?

கசப்பானாலும் சொல்லியாக வேண்டும்

இதுவரை டில்லியைக் கேட்டோம். கேட்டது நியாயம். இனி நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். கைதட்டு வாங்கப் பேசுகிறவன் இங்கே நிறுத்திக்கொள்வான். தொழிலாளியின் தோழன் நிறுத்தலாகாது.

பாக் விரிகுடாவிலே எதிர்க்கரையில் இருப்பவன் யார்? யாழ்ப்பாணத்தான், மன்னாரான், முல்லைத்தீவான். தமிழ் பேசுகிறவன். சிறு படகும் சிறு வலையுமாகத் தொழில் செய்கிறவன். 2009 வரை போர் அவனைக் கடலுக்கே விடவில்லை. போர் முடிந்து, எரிந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி, கடன் வாங்கி வலை கட்டி இரவிலே விரித்துவிட்டு வந்தான். விடிந்ததும் வலையைக் காணோம்! நம் பக்கத்து விசைப்படகின் இழுவைமடி அதை வாரிக்கொண்டு போயிற்று.

இழுவைமடி என்றால் என்ன? கடலடியைத் துடைப்பது போல் வாரும் வலை. இறால் வேண்டிப் போடுகிறார்கள். குஞ்சும் குருமானும் பாசியும் படுகையும் சேர்ந்தே வருகின்றன. விதைநெல்லை அவித்துத் தின்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இலங்கை 2017-லே இதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 2018-லே அந்நியப் படகுகளுக்கு அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. நம் கடலிலேயே நாட்டுப்படகுக்காரனும் விசைப்படகுக்காரனும் மோதிக்கொண்டது நாம் அறியாததா?

தமிழன் வலையைத் தமிழன் அறுக்கிறான். அங்குள்ள தமிழ் மீனவன் கண்ணீர் விட்டுத் தன் அரசிடம் முறையிடுகிறான். அதைக் காரணம் காட்டிக் கடற்படை துப்பாக்கியைத் தூக்குகிறது. நம் வீட்டுப் பிள்ளை சிறைக்குப் போகிறான். துப்பாக்கி தூக்குவது கொடுமை. ஆயுதம் இல்லாத தொழிலாளியைச் சுடுவதை எந்தச் சட்டமும் நியாயமாக்காது. அதை நாம் உரத்துச் சொல்வோம். ஆனால் அதைச் சொல்லும் வாய்க்கு வலிமை வேண்டுமானால், இழுவைமடியைப் பாக் விரிகுடாவிலிருந்து விலக்க நாம் இசைய வேண்டும்.

விலக்கினால் பிழைப்பு? அதற்குத்தான் சர்க்கார் இருக்கிறது! 2017-லே ஒரு திட்டம் வந்தது. இழுவைமடிப் படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகு வாங்கலாம். படகு விலை 80 லட்சம். பாதி மத்திய அரசு, 20 விழுக்காடு மாநில அரசு, 20 விழுக்காடு வங்கிக் கடன், 10 விழுக்காடு படகுக்காரன். மூன்றாண்டிலே 2,000 படகுகள் என்றார்கள். இலக்குக்கு அருகிலும் எட்டவில்லை. திட்டம் போட்டவர்கள் படகு முதலாளியை எண்ணினார்கள். படகிலே கூலிக்குப் போகிறவனை எண்ணினார்களா? பாக் கடலிலே ஓரிரவு போய்வந்தவன், ஆழ்கடலிலே வாரக்கணக்கில் நிற்கப் பயிற்சி வேண்டாமா? மாற்றம் வருமட்டும் அவன் வீட்டு அடுப்பு எரிய வேண்டாமா?

மீனவனால் முடிந்தது

‘இவர்களை உட்காரவைத்தால் சண்டைதான் வரும்’ என்று கோட்டுச் சூட்டுக்காரர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்! பாக் விரிகுடாவிலே ஓர் ஏற்பாடு பல்லாண்டுகளாக நடக்கிறது. வாரத்திலே மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. பாலை ஊற்றிப் பங்கு வைப்பதுபோல் நாளைப் பங்கிட்டுக்கொண்ட கூட்டம் இது!

2010 ஆகஸ்டிலே எதிர்க்கரை மீனவர் பிரதிநிதிகள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். இருகரையாரும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். இழுவைமடியைக் காலவரை வைத்து விலக்குவது, அதுவரை நாள் கணக்கிட்டுத் தொழில் செய்வது என்று எழுதிக்கொண்டார்கள். எழுதியவர்கள் மீனவர்கள். முத்திரை குத்த வேண்டியவர்கள் அரசுகள். முத்திரை விழவில்லை.

2014 ஜனவரியிலே சென்னையில் பேசினார்கள். மே மாதம் கொழும்பிலே பேசினார்கள். 2015 மார்ச்சிலே மீண்டும் சென்னையிலே பேசினார்கள். 2016 நவம்பரிலே டில்லியில் இருநாட்டு அமைச்சர்கள் கூடி, கூட்டுப் பணிக்குழு ஒன்று அமைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் குழு கூடும் என்றார்கள். ஆறாவது கூட்டம் எப்போது நடந்தது தெரியுமா? 2024 அக்டோபரிலே! மூன்று மாதக் கணக்குப்படி அதற்குள் முப்பது கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும்; நடந்தது ஆறு! மீனவன் வலையை வாரத்துக்கு மூன்று நாள் விரிக்கிறான். அவனுக்காகப் பேசுகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விரிக்கவும் தயங்குகிறார்கள்!

உலகம் காட்டும் வழி

ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூகினிக்கும் நடுவே டோரஸ் நீரிணை இருக்கிறது. அதுவும் முத்துச் சிப்பிக்குப் பேர்போன கடல்! அங்கும் எல்லைச் சிக்கல் எழுந்தது. தீவு மக்கள் ‘எல்லையை மாற்றாதே’ என்று எழுந்தனர். குவீன்ஸ்லாந்து மாநில அரசும் எதிர்த்தது. இரண்டு தலைநகரும் காது கொடுத்தன. 1978-லே ஒப்பந்தம், 1985-லே நடைமுறை. கடலின் நடுவே ஒரு பாதுகாப்பு மண்டலம் வகுத்தார்கள். அதனுள் மரபுவழி மக்கள் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் வந்துபோகலாம். மரபுத் தொழில் செய்யலாம்.

அதோடு நிற்கவில்லை. இருநாட்டுக்கும் ஓர் ஆலோசனைக் குழு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்பது நாற்காலி. அந்த ஒன்பதிலே மாநில அரசின் பிரதிநிதி ஒருவராவது இருக்க வேண்டும்; மரபுவழி மக்களின் பிரதிநிதிகள் மூவராவது இருக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்! ஆஸ்திரேலியா உடைந்துபோயிற்றா? அதன் இறையாண்மை கரைந்துபோயிற்றா?

வடக்கே ஐரோப்பாவைப் பாருங்கள். 1952-லே உருவான நார்டிக் மன்றத்திலே டென்மார்க், சுவீடன், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து உறுப்பு நாடுகள். டென்மார்க்கின் கீழ் உள்ள பாரோத் தீவுகளுக்கும், பின்லாந்தின் கீழ் உள்ள ஆலந்துத் தீவுகளுக்கும் 1970-லே தனி இடம் தந்தார்கள். கிரீன்லாந்துக்கு 1984-லே தந்தார்கள். நாடுகளின் கூட்டு மன்றத்திலே, நாட்டுக்குள் இருக்கும் பகுதிகளுக்கும் நாற்காலி! சில பத்தாயிரம் மக்கள் வாழும் தீவுக்கூட்டத்துக்கு உள்ள இடம், ஏழு கோடித் தமிழர் வாழும் மாநிலத்துக்கு இருக்கலாகாதா?

நாம் கேட்பது

ஆகவே தோழர்களே, ‘அண்டை நாட்டு ஒத்துழைப்பு’ என்று யார் மேடையிலே பேசினாலும், நாம் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று, பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நிலையான கூட்டு ஆணையம். அதிலே டில்லியும் கொழும்பும் மட்டுமல்ல. தமிழ்நாடு அரசுக்கு நாற்காலி, இலங்கை வடமாகாணத்துக்கு நாற்காலி, இருகரை மீனவர் சங்கங்களுக்கு நாற்காலி. வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரிலே முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல உருண்டும் தேர்தல் நடக்கவில்லை. 1976-லே நம் சட்டமன்றம் இல்லாத நேரத்திலே கடல் கைமாறியதை அறிந்தவர்கள் நாம். அவர்கள் சபை வெறுமையாய்க் கிடப்பதின் வலி நமக்குப் புரியாதா?

இரண்டு, இழுவைமடியை விலக்கக் காலவரை. அதற்கு முழுப் பொருளுதவி. படகுக்காரனுக்கு மட்டுமல்ல, படகிலே போகும் கூலித் தொழிலாளிக்கும் பயிற்சியும் இடைக்கால ஊதியமும். மீன் இனம் பெருக நாம் ஆண்டுக்கு 61 நாள் படகைக் கட்டிவைக்கிறோம். இருகரைக்கும் ஒரே நாட்காட்டி, ஒரே கணக்கு என்று ஆகட்டும். முத்துப் பாரையும் இருகரை அறிஞரும் சேர்ந்தே ஆராயட்டும்.

மூன்று, கோடு தாண்டிய தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறையிலே அடைப்பதை இருநாடும் நிறுத்தட்டும். இருநாடும் என்று சொல்கிறேன்! தெற்கு இலங்கையிலிருந்து சூரை தேடி வந்த சிங்கள மீனவனைப் பிடித்து நம் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்களே, அவனும் தொழிலாளிதான். அவனுக்கும் கரையிலே ஒருத்தி காத்திருக்கிறாள்.

நான்கு, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நின்றுபோகாத பயணிகள் கப்பல். தோணித் தொழிலுக்கு ஆதரவு. 1906-லே ஒரு தமிழனால் தொடங்க முடிந்ததை, இத்தனை சாசனங்களும் செயலகங்களும் சேர்ந்து நடத்த முடியவில்லை என்றால், அந்தச் சாசனங்களை என்னவென்பது?

இவற்றிலே எது பிரிவினை? எது பேராசை? கடலிலே இறங்குகிறவன், ‘கயிற்றிலே என் வீட்டான் கையும் இருக்கட்டும்’ என்கிறான். அவ்வளவுதானே!

கிளைக் கூட்டங்களிலே இதைப் பேசுங்கள். துறைமுகத் தொழிற்சங்கத்திலே பேசுங்கள். உப்பளத்து நிழலிலே பேசுங்கள். இழுவைமடியை விலக்குவோம் என்று படகுத் துறையிலே பேசுவதற்குத் துணிவு வேண்டும், அங்கும் பேசுங்கள். இரண்டு புதுக்கோட்டைத் தோழர்களும் கூடிப் பேசுங்கள். நம் வீட்டுக் குறையை நாமே சொல்லும்போதுதான், டில்லியின் குறையைச் சொல்ல நமக்குத் தகுதி வருகிறது.

கோடு போட்டவர்களுக்குக் கடல் ஒரு படம். நமக்குக் கடல் ஒரு வயல்! வயலிலே உழைப்பவனைக் கேளாமல் வரப்புப் போடும் வழக்கம் மாறட்டும். மூழ்கியிருப்பவன் மூச்சு முட்டுகிறது, கயிறு அசைகிறது. கயிற்றிலே நம் கையும் சேரட்டும்!